ஏரி வளைவில் நிற்காத வண்டி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்குப் "பின்சீட்டு" என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை. காலையில் கணவரின் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் வந்து இறங்குவாள், மாலையில் அதே பின்சீட்டில் ஏறிப் போவாள். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்தால், இருவரும் எந்தச் சாலையில் போனார்கள், வழியில் என்னென்ன பார்த்தாள் என்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே சொல்லுவாள். சிலர் ஆசையாகக் கேட்பார்கள். மற்றவர்கள், "ஆரம்பிச்சிட்டாடி பின்சீட்டு" என்று அலுத்துக்கொண்டே கேட்பார்கள்.

அந்தக் கூடத்தில் ஜன்னல் கிடையாது. கொதிநீரில் வெளுத்த விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவில் கொடுத்தால், மறுபக்கம் ஆவி பறக்க விறைப்பாக வந்து விழும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். வெள்ளைத் துணியைத் தாண்டி அவள் கண்ணுக்கு வேறெதுவும் கிடைப்பதில்லை. விடுமுறை நாளில் அந்தக் கண்ணுக்கு அப்படியொரு பசி வரும்.

அவளுக்குப் பிடித்த சாலைகள் மூன்று. ஒன்று கால்வாய்க் கரைச் சாலை. இருபக்கமும் மரம். வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டாலும் இமைக்குள் அந்த ஆட்டம் தெரியும். பாலத்தை நெருங்கும்போது காற்று சட்டென்று குளிர்ந்துவிடும், தாண்டியதும் செங்கல் சூளையின் அனல் வந்து மோதும். இரண்டாவது, ரயில் பாதையை ஒட்டிப் போகும் சாலை. சரக்கு ரயில் வந்தால் கணவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குவார். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டுக்கு அவள் கையாட்டுவாள். பதிலுக்கு அவர் கொடியை ஆட்டினால் அந்த வாரம் முழுவதும் அதுதான் கூடத்தில் பேச்சு.

மூன்றாவதுதான் மலைச்சாலை. பாதி ஏறியதும் இடதுபக்கம் பாறை ஒரு வளைவில் முடிந்து, கீழே ஏரி முழுசாகத் திறந்துகொள்ளும். மேலே உச்சிக்குப் போய்விட்டால் மரங்கள் மறைத்துவிடும். ஏரி தெரிவது அந்த ஒரே வளைவில்தான். அதுவும் ஒரு விரிப்பை உதறுகிற நேரம் மட்டும்.

"கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"ஏத்தத்துல நிறுத்தினா திரும்ப எடுக்கிறது பெரும்பாடு. வண்டி ஓட்டத்துலயே போகணும்" என்பார் அவர். வண்டி நின்றதே இல்லை.

இரண்டு காலையும் இடதுபக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்து உட்காருவது அவள் வழக்கம். அதனால் எந்தச் சாலையானாலும் இடதுபக்கம்தான் அவளுக்குச் சொந்தம். ஏறும்போது ஏரி, இறங்கும்போது பாறை. எதிரே சாலை எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எதிரே இருந்தது கணவரின் முதுகு. பார்ப்பதையெல்லாம் அந்த முதுகுக்கு மேலே எட்டி, காதில் சொல்லுவாள். "அங்க பாருங்க, தண்ணியில கொக்குக் கூட்டம்." "ஆமா ஆமா" என்பார். "மேகத்தோட நிழல் ஏரியில போகுது பாருங்க." "ஆமா ஆமா."

கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம் இது. மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போன பிறகும் நிற்கவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் ஏணி வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் மணிக்கட்டு மடங்க மறுத்தது. ஸ்பூன் பிடிக்கலாம், கையெழுத்துப் போடலாம். ஆக்ஸிலேட்டரை முறுக்க முடியாது, முன் பிரேக்கை அழுத்த முடியாது. கம்பெனியில் அவரை மேசையில் உட்கார வைத்து, எந்தக் கட்டடத்துக்கு எந்த ஆளை அனுப்புவது என்று பார்க்கச் சொன்னார்கள். அவள் பேருந்தில் வேலைக்குப் போனாள். வண்டி மாடிப்படிக்குக் கீழே உறைபோட்டு நின்றது.

அவருடைய தம்பி சலூன் வைத்திருந்தான். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. அவனிடம் இருந்தது ஒரு கிழட்டு ஸ்கூட்டர்; அண்ணன் வண்டிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண். ஒரு மாலை, அண்ணனுக்கு முடி வெட்ட வீட்டுக்கே வந்திருந்தான். கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த அவர் மெதுவாகச் சொன்னார். "டேய், அந்த வண்டிய நீயே எடுத்துக்கோ. நிக்கிற வண்டி துருப்பிடிச்சுப் போகும்."

அடுப்படியில் இருந்தவள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"யாரைக் கேட்டுக் கொடுக்குறீங்க?"

"வேற என்னம்மா செய்றது? யார் ஓட்டுறது?"

"நான் ஓட்டுறேன்."

தம்பியின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "அண்ணி, நல்லவேளை, நான் காதோரம் வெட்டல. வெட்டியிருந்தா அண்ணன் காது போயிருக்கும்."

"சிரிக்காத தம்பி. நிஜமாத்தான் சொல்றேன்."

"அண்ணி, உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

"பொறக்கும்போதே நீ கத்தரிக்கோலோடயா பொறந்த?"

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "சரி. மலைச்சாலையில அண்ணனைப் பின்னாடி உட்காரவச்சு மேல ஏத்தி, கீழ கொண்டுவாங்க. நான் பின்னாலயே வருவேன். வழியில அண்ணன் கால் தரையில படக்கூடாது. அவர் கால் ஊன்றினா அவர் ஓட்டின மாதிரி. பட்டா வண்டி என்னுது, விழுந்தாலும் என்னுது. பத்திரமா வந்துட்டா இனிமே அந்த வண்டிய நான் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டேன்."

"மழை தொடங்குறதுக்குள்ள ஏத்துறேன்" என்றாள்.

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தலையில் பாதிதான் வெட்டியிருந்தது.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் துணி காயப்போடும் வெட்டவெளி இருந்தது. மாலையில் துணிகளை எடுத்துவிட்டால் கம்பங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டு, வண்டியை ஆள் வைத்துக் கொண்டுவந்து கூடத்தின் ஓரமாக நிறுத்திவைத்து, அங்கேதான் பழகினாள். கணவர் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, இடது கையால் காற்றில் கிளட்ச் பிடித்துக் காட்டுவார்.

"மெதுவா விடு, மெதுவா விடு... அய்யோ!"

வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்துவிடும்.

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"அது... கைக்குத் தெரியும்."

"உங்க கைக்குத் தெரியும். என் கைக்கு யார் சொல்றது?"

அணையாமல் ஓட்டப் பழகிய பிறகு கம்பங்கள் எதிரியாயின. எந்தக் கம்பத்தில் மோதிவிடக்கூடாது என்று முறைத்துப் பார்த்தாளோ, அதிலேயே போய் மோதினாள். முழங்காலில் நீலம் பாரித்தது. வேலைக்கு நடுவே கூட்டாளி கேட்டாள். "ஏண்டி, கம்பத்து மேல உனக்கு என்ன அப்படி ஆசை?" தூக்கத்திலும் அவள் விரல்கள் கிளட்ச் பிடித்தன. இருந்தாலும் மறுநாள் மாலை வண்டியை மறுபடி உருட்டிக்கொண்டு போய்விடுவாள். உரிமத்துக்கான தேர்வில் முதலில் தோற்றாள், அடுத்த முறை தேறினாள். ஆனால் தேர்வு நடந்தது சமதரையில்.

உரிமம் கைக்கு வந்ததும் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனாள். பழக்கப்பட்ட வெயிலும் நிழலும் முகத்தில் அடித்தன. பாலத்தருகே குளிர்ந்த காற்று வந்தது. எல்லாம் அப்படியே இருக்கிறது என்ற சந்தோஷத்தில், தண்ணீரில் நின்ற கொக்குக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பக்கமே வண்டி போயிற்று. சாலையை விட்டு இறங்கி, புல்லில் குதித்து, கரைச்சேற்றில் முன்சக்கரம் புதைந்து நின்றது. ஒரு கண்ணாடி உடைந்தது. இருவருக்கும் அடியில்லை, சேறு மட்டும்தான்.

"எங்க பார்த்துட்டு ஓட்டுற?" என்று கத்தினார்.

"கொக்கைப் பார்த்தேன்! நீங்க மட்டும் இத்தனை வருஷமா பார்த்துட்டே ஓட்டலையா?"

"நான் எங்க பார்த்தேன்? ரோட்டப் பார்த்தேன். ஓட்டுறவன் ரோட்டத்தான் பார்க்கணும்."

அவள் முகத்தில் தெறித்த சேற்றைத் துடைக்காமல் அவரையே பார்த்தாள்.

"அப்ப, 'ஆமா ஆமா'ன்னது?"

அவர் விழித்தார். சேற்றில் இறங்கி வண்டியைத் தள்ளுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

"ஏரி? மேக நிழல்? அந்தக் கார்டு கொடி ஆட்டினது?"

"எதையும் பார்த்ததில்ல."

"ஒண்ணுகூட?"

"நீ காதுல சொல்லிட்டே வருவ. கேட்க நல்லா இருக்கும். அதுக்குத்தான் ஆமா சொன்னேன்."

வீடு வரும்வரை அவள் பேசவில்லை. அதற்கடுத்த சில நாட்களும் உப்பு வேண்டுமா, கதவைச் சாத்தினீர்களா என்பதோடு பேச்சு முடிந்தது. இத்தனை வருடம் சேர்ந்து பார்த்ததாக நினைத்தது எல்லாம் தான் மட்டும் பார்த்தது என்று தெரிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கடைசியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவளே கேட்டாள்.

"அப்புறம் எதுக்கு வாராவாரம் கிளம்பினீங்க? உங்களுக்கு அதுல என்னதான் இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "வளைவு வரும்ல... வண்டிய லேசா சாய்ப்பேன். நீ பின்னாடி அதே அளவுக்குச் சாய்வ. யாரும் யாருக்கும் சொல்றதில்ல. ரெண்டாவது கியர்ல இன்ஜின் ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான். அது நல்லா இருக்கும்."

அவளுக்கு அது முழுதாகப் புரியவில்லை. ஆனால் கோபத்தைத் தொடரவும் முடியவில்லை. அன்று மாலை கம்பங்களுக்கு நடுவே வண்டியை எடுத்தபோது, கம்பத்தை விட்டுவிட்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து ஓட்டினாள். வண்டி வழுக்கிக்கொண்டு அதன் வழியே போனது. திரும்பி வந்து மறுபடி போனாள். இருட்டத் தொடங்கும்வரை விடவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்த கண்ணுக்குக் கிடைக்காத ஒன்று, நேரே பார்க்கும் கண்ணுக்குக் கிடைப்பது மெல்லத் தெரிந்தது. வண்டி தன் உடம்போடு சேர்ந்து சாய்ந்தது.

மிச்சம் இருந்தது ஏற்றம். சலவைக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்குத் துணிவண்டிகளைத் தள்ளிப்போக ஒரு சாய்தளம் உண்டு. விடுமுறை நாளில் அது காலியாக இருக்கும். அங்கே பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்த்தாள். வண்டி அணையும், பின்னுக்கு உருளும், பின்னாலிருந்து அவருடைய இரண்டு கால்களும் தரையில் தொப்பென்று இறங்கும்.

"காலை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நானா எடுக்கிறேன்? அதுவா இறங்குது!"

வாரநாளில், மடித்த விரிப்புகள் நிரம்பிய துணிவண்டியை அதே சாய்தளத்தில் தள்ளிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. நடுவில் இளைப்பாற நின்றால் சக்கரத்துக்கு ஒரு கட்டை வைப்பார்கள். மறுபடி தள்ளும்போது முதலில் கட்டையை எடுக்கவே கூடாது. தோளைக் கொடுத்து, பாரம் தோளுக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் காலால் கட்டையைத் தட்டிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. பிரேக்தான் கட்டை. கிளட்ச்தான் தோள். அவள் துணிவண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். "என்னடி ஆச்சு?" என்று பின்னால் வந்தவள் பயந்துபோய்க் கேட்டாள்.

அடுத்த விடுமுறையில் சாய்தளத்தில் வண்டி நகர்ந்தது. எல்லாத் தடவையும் அல்ல. சில தடவை அணைந்தது. ஆனால் வானத்தில் ஈரமேகம் சேர ஆரம்பித்திருந்தது; இனியும் தள்ளிப்போட வழியில்லை.

மலையடிவாரத்தில் தம்பி தன் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். "அண்ணி, வண்டிய நல்லாத் துடைச்சு வச்சிருக்கீங்க. எனக்கு அந்த வேலை மிச்சம்."

"வாயை மூடிட்டுப் பின்னால வா. புகை என் மூஞ்சியில அடிக்காம இருந்தா சரி."

"புகை முன்னால போகாது அண்ணி."

"அப்ப நீ எப்பவும் பின்னாலதான்."

கணவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் கால் போட்டு, பாதங்களை மிதியில் அழுத்தி வைத்துக்கொண்டார். அவள் கிளப்பினாள்.

முதல் சில வளைவுகளில் அவள் தோள் கல்லாக இறுகியிருந்தது. பிறகு இரண்டாவது கியரில் இன்ஜின் ஒரு மாதிரி முனகிப் பாட ஆரம்பித்தது. ஓ, இந்தச் சத்தம்தானா! வளைவின் முடிவைப் பார்த்தாள். வண்டி சாய்ந்தது. பின்னால் அவரும் அதே அளவுக்குச் சாய்ந்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எத்தனையோ முறை வந்த சாலை, அவள் கண்ணுக்கு இன்றுதான் முன்பக்கமாக வந்தது. மேலே மேலே மடிந்து, காயப்போட்ட துணிபோலத் தொங்கியது.

அவர் காதருகே குனிந்தார். "இடதுபக்கம் மரம் இருக்கு."

"ஆமா ஆமா" என்றாள், சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஒரு மாடு நிக்குது. பழுப்பு நிறம். சும்மா நிக்குது."

"இப்படியா சொல்லுவாங்க? ரிப்பேர் லிஸ்ட் படிக்கிற மாதிரி."

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாறை நெருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் ஏரி வளைவு. நிற்காமல் போய்விட்டால் மேலே ஏறி, திரும்பி இறங்கி, வண்டியைக் காப்பாற்றிவிடலாம். நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நின்றால், மலையில் மிகச் செங்குத்தான இடத்தில் மறுபடி கிளப்ப வேண்டும். அவர் கால் இறங்கினால் வண்டி போயிற்று.

ஆனால் ஓட்டுகிறவளாக இருந்தும் அங்கே நிறுத்தாவிட்டால், பின் எதற்காக இந்த வண்டி?

ஓரத்தில் ஜல்லி கொட்டி அகலப்படுத்திய இடத்தில் ஒதுக்கினாள். பிரேக்கை மிதித்து, இடது காலை ஊன்றி நின்றாள்.

"என்ன ஆச்சு? அணைஞ்சிடுச்சா?" என்று பதறினார்.

"காலை எடுக்காதீங்க. இடதுபக்கம் திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பினார். கீழே ஏரி தகடுபோல விரிந்து கிடந்தது. மேகத்தின் நிழல் ஒன்று கரையேறி, வயல்களின் மேல் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை விடாமல் அவளும் பார்த்தாள், ஆசை தீர.

"இவ்வளவு பெருசா?" என்றார் கடைசியில். "நீ சொன்னப்ப நான் ஏதோ குளம்னு நினைச்சேன்."

கீழிருந்து இருமிக்கொண்டே ஸ்கூட்டர் வந்தது. "என்ன அண்ணி, வண்டி நின்னுடுச்சா?" என்று தம்பி உற்சாகமாகக் கத்தினான்.

"நிக்கல. நிறுத்தியிருக்கேன்!"

அவனால் நிற்க முடியாது. நின்றால் அந்த ஸ்கூட்டர் அதோடு சரி. வாய் ஏதோ சொல்ல, புகையைக் கக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டி மேலே போனான். புகை முகத்தில் அடித்தது.

"பாத்தாச்சா?" என்று கணவரைக் கேட்டாள்.

"பாத்தாச்சு."

கிளட்சை விட்டாள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. ஒரு சாண் பின்னுக்கு உருண்டது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். பின்னால் அவர் உடம்பு விறைத்தது. மிதியிலிருந்து பாதம் நழுவும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்" என்றாள், திரும்பாமல். "நான் பிடிச்சிருக்கேன். உங்க காலுக்கு இங்க வேலையில்ல."

பாதம் மறுபடி மிதிக்குப் போயிற்று. மடங்காத கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி உதைத்தாள். இன்ஜின் உறுமியது. கட்டையை இப்போது எடுக்கக்கூடாது. தோளைக் கொடு. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வண்டியின் முன்பக்கம் லேசாக எழும்பி, பாரத்தை வாங்கிக்கொண்டது. உள்ளங்கையில் அது தெரிந்தது, துணிவண்டியின் கனம் தோளில் தெரிவதுபோல. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகுதான் பிரேக்கை விட்டாள். ஜல்லி சரசரத்தது. வண்டி மேலே போனது.

"ஏய்!" என்று பின்னால் அவர் கத்தினார். அது பயமா சந்தோஷமா என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. அடுத்த வளைவு வந்துகொண்டிருந்தது.

அந்த வளைவைத் திரும்பியதும் தம்பி தெரிந்தான். ஸ்கூட்டர் அணைந்துபோய், அதை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பக்கத்தில் வந்தபோது மட்டும் குரல் கொடுத்தாள்.

"என்ன தம்பி, கால் தரையில படுது?"